விரிவு உண்டு, ஆழம் எங்கே? – தடய அறிவியல் முதுநிலைப் படிப்பு குறித்து

இந்தியத் தடய அறிவியலின் தொடக்கம் சென்னையில்தான். 1849இல் இங்கே வேதியியல் ஆய்வுக்கூடம் அமைந்தது. நஞ்சுண்டு இறந்ததாகச் சந்தேகிக்கப்பட்டவரின் உள்ளுறுப்புகளில் என்ன இருந்தது என்று கண்டு சொல்வது அதன் முக்கியமான வேலை. 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பணியகம் வந்தது. அதன் வகைப்பாட்டு முறையை உருவாக்கியதில் பெரும்பங்கு ஆற்றிய அசிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போஸும் காவல் துறையில் கீழ்நிலை அதிகாரிகள். இவர்கள் யாரும் தடய அறிவியல் பட்டதாரிகள் அல்லர். அப்படியொரு பட்டமே அன்று இங்கு இல்லை. சாகர் பல்கலைக்கழகத்தில் 1959இல் குற்றவியல், தடய அறிவியல் துறை தொடங்கியது. அதாவது, தொழில் பிறந்து ஒரு நூற்றாண்டு கடந்த பிறகே பட்டம் பிறந்தது.

இன்றைய மாணவர் இந்த வரிசையைத் தலைகீழாக எண்ணிக்கொள்கிறார். எம்.எஸ்ஸி. தடய அறிவியல் முடித்தால் ஆய்வகக் கதவு திறக்கும், இரண்டே ஆண்டில் நிபுணர் ஆகிவிடலாம் என்பது பரவலான நம்பிக்கை. இந்த நம்பிக்கை பாதி சரி. தவறான பாதியைப் பற்றித்தான் கல்லூரி விளம்பரங்கள் வாய் திறப்பதில்லை.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176(3)ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை பெறத்தக்க ஒவ்வொரு குற்றத்திலும் தடய அறிவியல் வல்லுநர் சம்பவ இடத்துக்குச் சென்று சான்றுகளைச் சேகரிக்க வேண்டும் என்கிறது. மாநிலங்கள் ஐந்தாண்டுக்குள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும். குஜராத்தில் மாநிலப் பல்கலைக்கழகமாக இருந்தது 2020இல் தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. அதன் வளாகங்களையும் மத்திய ஆய்வகங்களையும் பெருக்க 2024 ஜூனில் 2,254.43 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆகவே ஆள் தேவை என்பது வெறும் பேச்சல்ல. சட்டமே அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

இந்தத் தேவைக்கு முதுநிலைப் படிப்பு தரும் முதல் நன்மை அதன் விரிவு. பெட்ரோல் ஊற்றி எரித்த இடத்தில் கிடைத்த கரித்துண்டைக் காற்றுப் புகாத கலத்தில் அடைக்க வேண்டும். இல்லையேல் பெட்ரோல் ஆவியாகிவிடும். இரத்தம் தோய்ந்த சட்டையை அப்படி அடைத்தால் அழுகி மரபணு சிதையும். அதை நிழலில் உலர்த்திக் காகித உறையில் இட வேண்டும். வேதியியல் மட்டும் படித்தவருக்கு முதல் செய்தி தெரிந்திருக்கும், உயிரியல் மட்டும் படித்தவருக்கு இரண்டாவது தெரிந்திருக்கும். சம்பவ இடத்தில் நிற்பவருக்கு இரண்டும் தெரிந்தாக வேண்டும். 1991இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன், குண்டு ஒரு பெண்ணின் உடலில் கட்டப்பட்டிருந்தது என்று நிறுவினார். வெடிபொருளும் துணியும் உடற்கூறும் ஒருவர் சிந்தனையில் சேர்ந்ததால்தான் அந்த முடிவு கிடைத்தது.

இரண்டாவது நன்மை, அறிவியலும் சட்டமும் ஒரே பாடத்திட்டத்தில் அமர்வது. பொட்டலத்தில் இருப்பது ஹெராயின்தான் என்று எந்த வேதியியலாளரும் சொல்லிவிடுவார். அந்தப் பொட்டலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, சீல் உடையாமல் வந்ததா, மாதிரி எப்படி எடுக்கப்பட்டது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால் அவர் செய்த சோதனை குறுக்கு விசாரணையில் நிற்காது. போதைப்பொருள் வழக்குகளை எதிர்த்தரப்பு உடைப்பது பெரும்பாலும் இந்த ஓட்டைகளைக் காட்டித்தான். நல்ல முதுநிலைப் படிப்பு இதை முதல் பருவத்திலேயே மாணவர் மனத்தில் பதியவைக்கிறது. அடிப்படை அறிவியல் எம்.எஸ்ஸி.களில் பொதுவாக இதற்கு இடமில்லை.

இனி குறைகள். நான்கு பருவங்களில் கைரேகை, ஆவணம், துப்பாக்கி, நச்சியல், குருதியியல், மரபணு, இணையக் குற்றம், உளவியல், சட்டம் என்று அத்தனையும் வரிசை கட்டி வருகின்றன. கடைசிப் பருவத்தின் பெரும்பகுதி ஆய்வேட்டுக்குப் போய்விடும். மிச்சமிருக்கும் காலத்தில் ஒவ்வொரு துறைக்கும் சில வாரங்களே கிடைக்கின்றன. கல்யாணப் பந்தியில் எல்லாப் பதார்த்தமும் இலையில் விழுந்து எதையும் வயிறாரச் சாப்பிட முடியாமல் எழுவது போன்ற நிலை இது.

ஆய்வகமோ இப்படிப் பரந்து விரிந்து இயங்குவதில்லை. அங்கே நச்சியல் ஒரு பிரிவு, ஆவணம் ஒரு பிரிவு, மரபணு இன்னொரு பிரிவு. நச்சியலில் சேர்பவர் பல ஆண்டுகளுக்கு உள்ளுறுப்புகளையும் நிறப்பகுப்புக் கருவிகளையும் விட்டு வெளியே வரமாட்டார். அவருக்கு வேண்டியது பகுப்பாய்வு வேதியியலில் ஆழம். அரசுப் பணி அறிவிப்புகளும் இதையே சொல்கின்றன. மத்திய ஆய்வகங்களின் வேதியியல் பிரிவுப் பணிகளுக்கு வேதியியல் முதுநிலைப் பட்டம் கேட்கிறார்கள். தடய அறிவியல் முதுநிலை என்றால், இளநிலையில் வேதியியல் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை பெரும்பாலும் கூடவே வருகிறது. இளநிலையையும் தடய அறிவியலிலேயே முடித்து, முதுநிலையையும் அதிலேயே முடித்த மாணவர் இங்கேதான் தடுக்கி விழுகிறார். ஐந்தாண்டு படித்த பிறகு, அந்தத் துறையின் பெயரையே தாங்கிய வேலைக்கு விண்ணப்பிக்கவே தகுதி இல்லை என்று அறிய நேர்கிறது. தமிழ்நாட்டில் கைரேகைப் பிரிவு உதவி ஆய்வாளர் பணிக்கோ அறிவியல் இளநிலைப் பட்டமே போதுமானதாக இருந்திருக்கிறது. 

இன்னொரு மயக்கத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். பிரேதப் பரிசோதனை செய்வது மருத்துவரின் வேலை. அதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டும்; அதில் நிபுணராக, தடயவியல் மருத்துவத்தில் எம்.டி. படிக்க வேண்டும். தொலைக்காட்சித் தொடர் பார்த்துவிட்டு எம்.எஸ்ஸி.யில் சேர்பவர் பிணவறைக்குள் கத்தி பிடிக்கப் போவதில்லை. அங்கிருந்து சீலிட்டு வரும் கண்ணாடிச் சாடியோடுதான் அவர் வேலை தொடங்குகிறது.

செய்முறைப் பயிற்சியின் நிலை இன்னும் கவலைக்குரியது. துப்பாக்கியும் தோட்டாவும் ஆயுதச் சட்டத்தின் கட்டுப்பாட்டில் இருப்பவை. போதைப்பொருளை ஒரு கல்லூரி நினைத்தவுடன் வாங்கி வைத்துக்கொள்ள முடியாது. உண்மையான வழக்குச் சான்றுகள் கல்லூரிக்கு வர வாய்ப்பே இல்லை. அரசு ஆய்வகத்தோடு முறையான உடன்பாடு இல்லாத கல்லூரியில், தோட்டாவின் மேல் விழும் கீறல்களை மாணவர் பாடப்புத்தகப் படத்தில்தான் பார்க்கிறார். உடன்பாடு இருக்கும் இடத்திலும், தேங்கிய வழக்குகளோடு மல்லுக்கட்டும் ஆய்வக அலுவலருக்கு மாணவரை உட்காரவைத்துக் கற்பிக்க நேரம் கிடைப்பது அரிது.

வேலைச் சந்தையும் குறுகியது. இத்துறையில் பெரிய முதலாளி அரசு ஒன்றுதான். பணியிடம் இருந்தாலும் அறிவிப்பு எப்போது வரும் என்பது அரசின் நிதிநிலையையும் தேர்வாணையத்தின் வேகத்தையும் பொறுத்தது. தனியார் துறையில் ஓரளவு வழி திறந்திருப்பது கணினிக் குற்ற ஆய்விலும் காப்பீடு, வங்கி மோசடி ஆய்விலும்தான். அங்கே கணினி அறிவியல் படித்தவரும் கணக்காயரும் போட்டிக்கு நிற்கிறார்கள்.

இவையெல்லாம் மாணவரின் பிழைப்பைப் பற்றியவை. இவற்றைவிடப் பெரிய குறை ஒன்று குற்றம் சாட்டப்பட்டவரின் உயிரையும் விடுதலையையும் தொடுகிறது. பிழையைப் பற்றிய கல்வி நம் பாடத்திட்டங்களில் மெலிந்து கிடக்கிறது. 2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்புக்குப் பிறகு, அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவரின் கைரேகை அங்கே கிடைத்த ரேகையோடு பொருந்துகிறது என்று எஃப்.பி.ஐ. வல்லுநர்கள் அடித்துச் சொன்னார்கள். அவர் சிறை வைக்கப்பட்டார். அந்த ரேகை வேறொருவருடையது என்று ஸ்பெயின் காவல் துறை கண்டுபிடித்த பிறகே வெளியே வந்தார். அந்த வல்லுநர்களுக்கு அனுபவம் குறைவில்லை. முதலாமவர் சொன்ன முடிவு, சரிபார்த்தவர்களின் கண்ணையும் மறைத்துவிட்டது. 2009இல் வெளிவந்த அமெரிக்கத் தேசிய அறிவியல் கழக அறிக்கையோ, மரபணுச் சோதனை நீங்கலாக, ஒரு தடயத்தைக் குறிப்பிட்ட ஒரு நபரோடு உறுதியாக இணைக்கும் திறன் எந்த முறைக்கும் கறாராக நிறுவப்படவில்லை என்றது.

இந்தியச் சூழலில் இது கூடுதல் எடை பெறுகிறது. அரசு அறிவியல் வல்லுநர்கள் பலரின் அறிக்கையை, அவர்களை நேரில் அழைக்காமலே சான்றாக ஏற்கச் சட்டம் இடம் தருகிறது. நீதிமன்றம் விரும்பினால் அழைக்கலாம். அழைக்காவிட்டால் அறிக்கையே பேசும். கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தில், தன்னையே கேள்வி கேட்டுக்கொள்ளும் பழக்கம் வல்லுநருக்குள் இருந்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தைப் புள்ளியியலும், மனச்சாய்வு பற்றிய பாடமும், ஒருவர் முடிவை அறியாமல் மற்றொருவர் சரிபார்க்கும் பயிற்சியும்தான் உண்டாக்கும். கருவியின் பெயர்களை மனப்பாடம் செய்வது உண்டாக்காது.

பட்டத்தை மட்டும் நம்புவது எங்கே கொண்டுவிடும் என்பதற்கு மாசச்சூசெட்ஸ் மாநிலம் சாட்சி. அங்கே அரசு போதைப்பொருள் ஆய்வகத்தில் வேதியியலாளராக இருந்த ஆனி டூக்கன், தன்னிடம் வேதியியல் முதுநிலைப் பட்டம் இருப்பதாகப் பொய் சொல்லியிருந்தார். சோதிக்காத மாதிரிகளுக்கும் முடிவு எழுதினார். சக ஊழியர்களைவிடப் பன்மடங்கு வேகமாக வேலை முடித்தபோதும் மேலதிகாரிகள் உரிய நேரத்தில் தடுக்கவில்லை. 2017இல் 21,000க்கும் மேற்பட்ட வழக்குகள் தள்ளுபடியாயின. பட்டத்தைச் சரிபார்த்திருந்தால் ஒரு பொய் பிடிபட்டிருக்கும். வேலையைச் சரிபார்த்திருந்தால் அத்தனை பேர் காப்பாற்றப்பட்டிருப்பார்கள்.

அப்படியானால் தடய அறிவியல் முதுநிலைப் பட்டமே வேண்டாம், வேதியியலோ உயிரியலோ போதும் என்று முடித்துவிடலாமா? முடியாது. அடிப்படை அறிவியல் மட்டும் படித்தவர் சாட்சிக்கூண்டில் எப்படித் தடுமாறுவார் என்பதை மேலே பார்த்தோம். இந்தியாவின் சாட்சியச் சட்டம் நிபுணரிடம் எப்போதும் தனித்திறனையே கேட்டிருக்கிறது, பட்டத்தைக் கேட்டதில்லை. திறனுக்கு ஆழமும் வேண்டும், விரிவும் வேண்டும். ஆழம் இளநிலையில் வர வேண்டும். அதன்மேல் விரிவைக் கட்டுவதே முதுநிலையின் வேலை. இந்த வரிசையில் படித்தால் இப்பட்டம் பொன். இதையே ஆரம்பமாகவும் முடிவாகவும் கொண்டால் சுவரில் மாட்டும் சட்டகம்.

ஆகவே கட்டணம் கட்டுமுன் மாணவர் நான்கு கேள்விகள் கேட்கட்டும். நான் போக நினைக்கும் பிரிவின் பணி அறிவிப்பு, இளநிலையில் எந்தப் பாடத்தைக் கேட்கிறது? இந்தக் கல்லூரிக்கு எந்த அரசு ஆய்வகத்தோடு எழுத்துப்பூர்வ உடன்பாடு உண்டு? கற்பிப்பவர்களில் எத்தனை பேர் ஆய்வகத்தில் வழக்கு பார்த்தவர்கள்? பாடத்திட்டத்தில் புள்ளியியலுக்கும் பிழை ஆய்வுக்கும் எத்தனை மணி நேரம்? விடை தெளிவாகக் கிடைக்காத கல்லூரியில் சேர வேண்டாம். அந்த இரண்டாண்டை வேதியியலிலோ உயிரித்தொழில்நுட்பத்திலோ செலவிடுவது மேல்.