சொல்லில்லா இசையும் தமிழ் இசையாய்வும்: மல்லாரியை முன்வைத்து

தமிழ் இசையாய்வு பெரிதும் பனுவலைச் சார்ந்தே வளர்ந்துள்ளது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்றுகாதையும் அதற்கு அடியார்க்குநல்லார் வரைந்த உரையும் தேவாரப் பண்களும் அதன் முதன்மைச் சான்றுகளாக விளங்குகின்றன. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றக் காரணமான விவாதமும் மேடையில் பாடப்பெறும் பாட்டின் மொழியையே மையமாகக் கொண்டது. அதன் தேவை மறுக்கத்தக்கதன்று. எனினும் சாகித்தியமே இல்லாத இசையை அவ்விவாதத்தின் அளவுகோலால் அளக்க இயலாது. நாகசுர மரபின் மல்லாரி அத்தகையது.

இறைத்திருமேனி புறப்படுகையில் தவில் அலாரிப்பைத் தொடர்ந்து, பெரும்பாலும் கம்பீரநாட்டையில் மல்லாரி வாசிக்கப்பெறும். அதன் வகைப்பெயர்கள் கூர்ந்து நோக்கத்தக்கவை. தேருக்கு எழுந்தருளும்போது தேர் மல்லாரி. மடைப்பள்ளியிலிருந்து நிவேதனம் வரும்போது தளிகை மல்லாரி. திருமஞ்சன நீர் கொணரும்போது தீர்த்த மல்லாரி. இராகமோ தாளமோ இயற்றியவர் பெயரோ இங்குப் பகுப்பின் அடிப்படையாகவில்லை. நிகழும் செயலே அடிப்படையாகிறது. கலைஞர்கள் தம் இசையைப் பற்றிக் கொண்டிருந்த கோட்பாடு இப்பெயரீட்டில் பொதிந்துள்ளது எனலாம்.

ஆலன் மெரியம் 1964இல் வெளியிட்ட ‘இசையின் மானிடவியல்’ என்னும் நூலில் இசையை ஒலி, நடத்தை, கருத்தாக்கம் என மூன்று தளங்களில் அணுகினார். சுரதாளக் குறிப்பு இவற்றுள் முதல் தளத்தை மட்டுமே காட்டவல்லது, அதையும் குறைவாகவே. திரிகாலமும் திசிரமும் தாளில் பதிவாகும். வாகனம் திரும்பும் மூலையில் வாசிப்பு நீள்வதும், தீவட்டி நிற்க நாயனமும் நிற்பதும் பதிவாகா. பரதநாட்டிய மேடையில் மல்லாரி தொடக்க உருப்படியாக வழங்குகிறது. அங்கே அது வேறு நிகழ்வுக்குரிய இசையாகிவிடுகிறது. அதைச் சிதைவென்று பழிப்பதும் பொருந்தாது.

கேள்விக்குரியது பிறிதொன்று. இன்று பல கோயில்களில் தீபாராதனை வேளையில் மின்மேளம் ஒலிக்கிறது. மேளக்காரரின் ஊதியம், முறை, பரம்பரை உரிமை ஆகியவற்றை இசைக்குப் புறம்பானவை என ஒதுக்கும் ஆய்வினால் இம்மாற்றத்தை ஒலித்தர வேறுபாடாக மட்டுமே காண முடியும். மல்லாரி பற்றிய களப்பணி நாகசுரக்காரரோடு முடிந்துவிடலாகாது. தவிற்காரரும், அந்நடைக்கேற்ப அடிவைத்துத் திருமேனியைச் சுமக்கும் சீர்பாதந்தாங்கிகளும் அதன் தகவலாளர்களே. இசை எப்போது விரைய வேண்டும் என்பதைத் தோள் உணரும் விதத்தை அவர்களிடமே கேட்டறிய வேண்டும்.