செய்து வைத்த தள்ளாட்டம்

செலமோனி என்கிற ஜெர்மன் நிறுவனம் 'கேப்ஸ்டன்' என்று ஒரு மென்பொருள் செய்தது. பழைய ஒலிநாடாப் பதிவில் சுருதி தள்ளாடினால் அதைக் கண்டுபிடித்து நேராக்கித் தருவதுதான் அதற்கு வேலை. எக்ஸ்எல்என் ஆடியோவின் 'ஆர்சி-20 ரெட்ரோ கலர்' பிளகினில் 'வாபிள்' என்று ஒரு குமிழ் உண்டு. சுத்தமாகப் பதிவான பியானோவைத் தள்ளாட வைப்பது அதன் வேலை. ஒரு தலைமுறை எஞ்சினியர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு ஒழித்துக்கட்டப் பார்த்த பிழையை அடுத்த தலைமுறை காசு கொடுத்து வாங்குகிறது. இதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடலாம்தான். ஆனால் கோடு எழுதும் நேரமெல்லாம் லோ-ஃபை ஓடவிட்டுக் கேட்கிறவன் என்ற முறையில் என் கேள்வி வேறு. சில பாட்டில் இந்தத் தள்ளாட்டம் மனசைப் பிசைகிறது, பெரும்பாலானவற்றில் வெறும் ஒப்பனையாக நின்றுவிடுகிறது. ஏன்?

முதலில் பிளகினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒலியைச் சில மில்லிவிநாடி தாமதப்படுத்தி அனுப்புகிறது. அந்தத் தாமதத்தை ஓர் அலையைக் கொண்டு கூட்டிக் குறைக்கிறது. தாமதம் கூடும்போது சுருதி இறங்கும், குறையும்போது ஏறும். நம்மைத் தாண்டிப் போகும் ரயிலின் ஹாரன் இறங்குகிற அதே சங்கதி. விநாடிக்கு ஒரு முறை, முன்னும் பின்னும் 5 மில்லிவிநாடி அசைத்தால் சுருதி கிட்டத்தட்ட 3 சதவீதம் விலகும். அது பாதி அரைச்சுரத்தைத் தாண்டிவிடும். ஒரு நல்ல கேசட் டெக்கின் விலகலோ 0.1 சதவீதத்துக்கும் கீழே. அதாவது குமிழைத் தாராளமாகத் திருப்புகிறவர் கேட்க விரும்புவது கேசட்டை அல்ல, பெல்ட் தளர்ந்து சாகக் கிடக்கிற கேசட் பிளேயரை.

அப்படிச் சாகக் கிடக்கும் பிளேயராவது ஒழுங்காகப் பாவிக்கப்படுகிறதா என்றால் அதுவும் இல்லை. உண்மையான இயந்திரத்தில் ஒவ்வொரு தள்ளாட்டத்துக்கும் ஒரு காரணம் இருக்கிறது, ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வேகம் இருக்கிறது. கேசட்டில் நாடா ஓடுவது விநாடிக்கு 4.76 செ.மீ. அதை இழுக்கிற தண்டு 2.5 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொண்டால் விநாடிக்குச் சுமார் 6 சுற்று. தண்டு லேசாகக் கோணினால் அந்த வேகத்தில் ஒரு நடுக்கம் வரும். இந்த மாதிரி வேகமானதை ஃப்ளட்டர் என்பார்கள், மெதுவானதை வாவ். மெதுவானது பெரும்பாலும் சக்கரத்தால் வருவது. எனக்குப் பிடித்த விஷயமே இந்த இடத்தில்தான் இருக்கிறது. நாடாவைச் சுற்றிக்கொள்ளும் சக்கரம் காலியாக இருக்கும்போது ஒன்றரை விநாடிக்கு ஒரு சுற்று சுற்றும். நாடா நிறைய நிறைய வேகம் குறைந்து, பக்கம் முடியும்போது ஒரு சுற்றுக்கு மூன்று விநாடிக்கு மேல் ஆகும். எனவே சக்கரம் சிக்கி இழுத்தால், முதல் பாட்டின் தள்ளாட்டமும் கடைசிப் பாட்டின் தள்ளாட்டமும் ஒன்றல்ல. இயந்திரம் தான் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே போகிறது. பிளகின் குமிழ் முதல் நொடியில் எப்படியோ மூன்றாம் நிமிடத்திலும் அப்படியே. அலையின் ஒழுங்கைக் குலைக்கிற குமிழ்களும் சில பிளகின்களில் உண்டு, சோனியின் ஒரு பழைய ரீல் இயந்திரத்தை மாதிரியாக வைத்து எழுதிய இலவசப் பிளகின் சௌடேப் போல. நல்ல வேலை அது. இருந்தாலும் குலைவு வேறு, போய்ச்சேர்வது வேறு.

அடுத்தது, எதன் மேல் இதைப் போடுகிறோம் என்பது. பியானோவில் பிறந்த சுரத்தை வாசிப்பவரால் வளைக்க முடியாது. அது வளைந்தால் வளைத்தது இயந்திரம்தான் என்று காதுக்கு உடனே தெரிந்துவிடும். பியானோவில் இந்தக் குமிழ் அவ்வளவு சுலபமாக வேலை செய்வதற்குக் காரணம் இதுதான். குரலில் கதை வேறு. மேற்கத்தியப் பாடகரின் வைப்ராட்டோ விநாடிக்கு 5 முதல் 7 முறை அசைவது, ஏறக்குறைய கோணிய தண்டின் வேகம். நம்முடைய கம்பித கமகமும் விநாடிக்குச் சில முறை என்ற கணக்கில்தான் ஆடுகிறது. எண்பதுகளின் தமிழ்ப் பாடல்களை லோ-ஃபை ஆக்கிப் போடுகிறவர்கள் பலர் கவனிக்காத இடம் இது. மொத்தப் பாட்டின் மேலும் வாபிளை ஏற்றிவிடுகிறார்கள். பாடகி எவ்வளவோ சாதகம் செய்து பிடித்த ஓர் அசைவின் மேல் மென்பொருளின் அசைவு ஏறி உட்கார, பாவம், சுருதி விட்டது அவர்தான் என்று தோன்றிவிடுகிறது. இத்தனைக்கும் மாஸ்டர் டேப்பில் அந்தப் பாட்டுகள் தள்ளாடவில்லை. தள்ளாடியதெல்லாம் பட்டியல் எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய நம் வீட்டுக் கேசட்டும், அதை ஓட்டிய டேப் ரெக்கார்டரும்தான். அந்த வீட்டை நினைவுபடுத்தத்தான் போடுகிறேன் என்றால் நியாயம். அப்படியானால் குரலைத் தொடாமல் பின்னால் வருகிற கீபோர்டை மட்டும் அசைத்தால் போதுமே.

இதைச் சரியாகச் செய்தவர்கள் போர்ட்ஸ் ஆஃப் கனடா. ஸ்காட்லாந்துக்காரர்கள். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் எடுத்த ஆவணப்படங்களைச் சிறுவயதில் பார்த்து வளர்ந்தவர்கள், பெயரையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள். 1998-இல் வந்த 'மியூசிக் ஹாஸ் தி ரைட் டு சில்ட்ரன்' தொகுப்பில் சிந்தசைசர் சுரங்கள் சுருதியில் நிலைகொள்ளாமல் மிதக்கின்றன, அதன் கீழே தாளம் பாட்டுக்கு நிதானமாக நடக்கிறது. நிஜ டேப்பில் இது நடக்காது, தேய்ந்த பிளேயர் தாளத்தையும் சேர்த்துத்தான் தள்ளாட வைக்கும். அதனால் நாம் கேட்பது பழைய டேப் இல்லை. உறுதியான ஒரு நிகழ்காலத்துக்கு மேலே பிசகிக்கொண்டிருக்கும் ஞாபகம், அதிலும் யாரோ ஒரு குழந்தை பார்த்த குறிப்பிட்ட படங்களின் ஞாபகம். இன்றைய லோ-ஃபை எடுத்துக்கொண்டது அந்த மிதப்பை மட்டும்தான். யாருடைய ஞாபகம் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. எனக்கு இருக்கும் புகார் இவ்வளவுதான். போலி என்பது புகாரே அல்ல. கலையில் எதுதான் செய்து வைத்தது இல்லை?

நாடாவே வேலை செய்யட்டும் என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வில்லியம் பசின்ஸ்கியின் 'டிசின்டகிரேஷன் லூப்ஸ்' இருக்கிறது. 1982 வாக்கில் செய்து வைத்திருந்த நாடாச் சுருள்களை 2001-இல் அவர் கணினிக்கு மாற்ற உட்கார்ந்தார். ஓட ஓட, நாடாவில் பூசியிருந்த இரும்பு ஆக்சைடு உதிர ஆரம்பித்தது. அவர் நிறுத்தாமல் பதிவு செய்தார். முதல் துண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. சில விநாடிகளே நீளும் ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது. இருபதாவது நிமிடத்தில் எதுவும் மாறவில்லை போலத்தான் இருக்கும். நாற்பதில் ஓரங்கள் கரைந்திருக்கும். கடைசியில் சத்தத்துக்கு நடுவே மெட்டின் ஒன்றிரண்டு துண்டுகள் மட்டும் தலைநீட்டும், மீதியைக் காது தானாகவே நிரப்பிக்கொள்ளும். ஹெட்ஃபோனில், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் கேளுங்கள்.