சுவரில் போட்டோ, கணக்கில் பாக்கி

சென்னையில் ஒரு கைவினைப் பொருள் கடை. பெயர் வேண்டாம். ஏ.சி. குளிர், லேசான வெட்டிவேர் வாசனை, பின்னணியில் வீணை. சுவரில், பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் ஓர் அம்மாவின் ஆளுயர கறுப்பு வெள்ளைப் போட்டோ. கீழே, 'கைவினைஞருக்கு நியாய விலை' என்று ஒரு வாசகம். (நியாய விலை என்றதும் ரேஷன் கடை ஞாபகம் வருகிறவர்கள் என் கட்சி!)

நடத்துகிறவர் நண்பர். நல்ல மனிதர், கதர்ச் சட்டை. பி.காம். படித்தவன் என்கிற ஒரே தகுதிக்காக, "கணக்கைக் கொஞ்சம் பாருங்களேன்" என்றார். பார்த்தேன். ஷெல்ஃபில் 40 பாய் இருக்கிறது; சரக்குக் கணக்கில் ஒன்றுகூட இல்லை.

"அதெல்லாம் கன்சைன்மென்ட், ஸார்."

காலேஜில் பக்கம் பக்கமாகப் போட்ட கணக்குதான். விற்கும்வரை சரக்கு அனுப்பியவருடையது. விற்றால் கமிஷன் போகக் காசு வரும். விற்காவிட்டால் பாய் ஊருக்குத் திரும்பும். கண்ணாடி வழியே வெயில் பட்டுச் சாயம் வெளுத்தால்? அதுவும் அந்த அம்மா தலையில்.

கோரையைக் காயவைத்து, தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கிழித்து, சாயம் ஏற்றி, அப்புறம்தான் தறிக்கே போகிறது. சன்ன ரகம் ஒரு பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். அத்தனை நாள் உழைப்பும் கைக்காசும் சென்னை ஏ.சி.யில் சும்மா உட்கார்ந்திருக்கிறது. கடை வாடகை ஐந்தாம் தேதி போய்விடுகிறது. கரண்ட் பில், சேல்ஸ் பெண்ணின் சம்பளம், வெட்டிவேர் எல்லாவற்றுக்கும் ஒரு தேதி உண்டு. தேதி இல்லாதவர் போட்டோவில் இருப்பவர் மட்டும்தான். வட்டியில்லாமல் கடைக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார், பாவம்!

நான் இருந்தபோதே போன் வந்தது. "தம்பி, பாய் ஏதும் வித்துருச்சா? மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்டணும்." நண்பர் என்னைப் பார்த்தார். நான் வீணையைக் கவனித்தேன்.

நியாய வணிகம் என்ற சங்கதி புதுசில்லை. 1946-ல் எட்னா ரூத் பைலர் என்ற அமெரிக்கப் பெண்மணி போர்ட்டோ ரிக்கோ போய், அங்கே பெண்கள் போட்ட எம்பிராய்டரியைக் கொண்டுவந்து தெரிந்தவர்களிடம் விற்றார். அதுதான் வளர்ந்து 'டென் தவுசண்ட் வில்லேஜஸ்' என்ற கடைகளாயிற்று. பிற்பாடு உலக நியாய வணிக அமைப்பு விதிகள் எழுதியது. அதில் எனக்குப் பிடித்தது: கைவினைஞர் கேட்டால், ஆர்டருக்குக் குறைந்தது 50 சதவீதம் வட்டியில்லா முன்பணம். எழுதியவருக்கு வியாபாரம் தெரிந்திருக்கிறது. எவ்வளவு தருகிறோம் என்பது மட்டுமில்லை, எப்போது தருகிறோம் என்பதும் விலைதான். நம்மூர்க் கடைகள் பலவும் அங்கேயிருந்து எடுத்துக்கொண்டது போட்டோவை மட்டும்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பதிவு செய்த குறு, சிறு நிறுவனத்திடம் சரக்கு வாங்கினால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தரச் சொல்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். வாங்கினால்தானே? இங்கேதான் வாங்குவதே இல்லையே!

நண்பரை வில்லனாக்க மனசில்லை. தொழில் கஷ்டமானது. அந்த டென் தவுசண்ட் வில்லேஜஸே 2020-ல் கனடாவில் தலைமை அலுவலகத்தையும், தானே நடத்திய கடைகளையும் மூடுவதாக அறிவித்தது. இங்கேயோ, காபி ஷாப்பில் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருகிறவர் பாய்க்கு மட்டும் பேரம் பேசுகிறார். "ஃபேன்சியா இருக்கு, ஆனா பிளாஸ்டிக் பாய் சீப்பாச்சே?" என்று ஒரு மாமி என் காதுபடவே சொன்னார்.

அதற்காக நஷ்டத்தை நெய்கிறவரிடம் தள்ளிவிட்டு நியாயம் என்று போர்டு மாட்டுவது சரியில்லை. "40 பாய் வேண்டாம், 12 போதும். பாதிப் பணம் முன்னாடியே கொடுத்து வாங்குங்க" என்றேன்.

"கடை காலியாத் தெரியுமே, ஸார்?"

"போட்டோவை இன்னும் பெரிசு பண்ணிக்கலாம்."

சிரிக்கவில்லை. ஆனால் போன மாதம் 12 பாய்க்குப் பாதிப் பணம் அனுப்பிவிட்டாராம். மீதி 28 இன்னும் ஷெல்ஃபில்தான் இருக்கிறது.