ரஜப் மாதத்தில் தொடங்க வேண்டிய வைத்தியம்

ஒற்றைத் தலையிடியைத் தடுக்க முதலில் எந்த மருந்தைக் கொடுப்பது என்ற கேள்விக்கு அமெரிக்காவின் இரண்டு மருத்துவ அமைப்புகள் ஓராண்டுக்குள் எதிரெதிரான பதில்களைச் சொல்லியிருக்கின்றன. 2024 மார்ச்சில் அமெரிக்கத் தலைவலிச் சங்கம் புதிய மருந்துகளையே முதல் தெரிவாகக் கொடுக்கலாம் என்றது. தலையிடி வரும்போது முகத்தின் உணர்ச்சி நரம்புகள் வெளியிடும் சீ.ஜீ.ஆர்.பீ. என்ற பொருளைத் தடுக்கும் மருந்துகள் அவை. 2025 பெப்ரவரியில் அமெரிக்க வைத்தியர் கல்லூரி வேறு விதமாகத் தீர்ப்பளித்தது. பழைய, மலிவான குளிசைகளில் தொடங்குங்கள், அவை கைகொடுக்காதபோது புதியவற்றுக்குப் போங்கள் என்றது.

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று வழியாகப் பொத்துவில் வரை நீளும் நமது கரையில் நின்று இந்தக் கேள்வியைக் கேட்டால் அதன் உருவம் மாறிவிடுகிறது. புதிய மருந்தின் விலை இங்கே பெரும்பாலானோருக்கு எட்டாது. பழைய மருந்தோ ஆஸ்பத்திரியில் இலவசமாகவே கிடைக்கக்கூடியது, ஆனாலும் அது உரிய முறையில் உரியவரைப் போய்ச் சேர்வதில்லை. ஆகவே நான் வைத்தியர் கல்லூரியின் பக்கம் நிற்கிறேன். ஆனால் பாதி வழிக்குத்தான். மீதிப் பாதியில் அவர்களின் வாதம் நமது பெண்களுக்குப் போதாது.

முதலில் நோயைப் பெயர் சொல்லி அறிய வேண்டும். பாதித் தலையில் விண்விண்ணென்று துடிப்பு, நடந்தால் கூடும் வலி, குமட்டல், வெளிச்சத்தையும் சத்தத்தையும் தாங்க முடியாமை, மருந்தில்லாவிட்டால் 4 மணித்தியாலம் முதல் 72 மணித்தியாலம் வரை நீளும் வேதனை: இதுதான் ஒற்றைத் தலையிடி. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலையிடி இருந்து, அவற்றில் 8 நாளாவது இந்தக் குணங்களோடு இருந்து, மூன்று மாதங்களுக்கு மேல் அது தொடர்ந்தால் நாட்பட்ட நிலை என்கிறார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது இரண்டு மூன்று மடங்கு அதிகம். நம்மூரில் இதற்கு வேறு பெயர்கள்தான் முதலில் வரும். பீனிசம் என்பார்கள், கண் பார்வைக் கோளாறு என்பார்கள், பிரஷர் என்பார்கள், கண்ணூறு என்பார்கள். பீனிசம் என்ற முடிவு நம்மூர்த் தவறு மாத்திரமில்லை. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தமக்குச் சைனஸ் தலையிடி என்று தாமே நினைத்தவர்களும் வைத்தியர் சொல்லிக் கேட்டவர்களுமாக 2,991 பேரைப் பரிசோதித்தபோது, அவர்களில் 88 வீதத்தினருக்கு இருந்தது ஒற்றைத் தலையிடி வகைதான். மூக்கிலிருந்து நீர் வடிவதும் கண் கலங்குவதும் இந்த நோயிலும் உண்டு என்பதால் வரும் மயக்கம் அது. ஆண்டுக்கணக்கில் மூக்குக்கு மருந்து விட்டுக்கொண்டு தலையைக் கட்டிப் படுத்திருக்கும் ராத்தாமாரை எனக்குத் தெரியும்.

பெயர் தெரியாத நோய்க்கு வைத்தியம் பனடோல். கடையில் அட்டையாக வாங்கலாம், யாரும் கேள்வி கேட்பதில்லை. இடைக்கிடை வரும் தலையிடிக்கு அதில் தவறில்லை. வலி தொடங்கியவுடன் போதிய அளவில் எடுக்கும் பரசிட்டமோல், இபுபுரோஃபன், அஸ்பிரின் ஆகியவற்றுக்கு நல்ல ஆதாரம் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இவை இந்த நோய்க்கென்றே இருக்கின்றன, 2021இல் சுமாட்ரிப்டானும் சேர்ந்தது. எண்ணிக்கைதான் ஆபத்து. சாதாரண வலிக்குளிசையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, சுமாட்ரிப்டானையோ கலவைக் குளிசைகளையோ 10 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்தால் அந்தக் குளிசையே தலையிடியைத் தினமும் கொண்டுவரும். இதை நமது சனங்களுக்கு யாரும் சொல்வதில்லை. ‘பனடோல் போட்டாலும் கேக்குதில்ல’ என்று சொல்லும் ஒருவர், பல சமயம் பனடோல் போடுவதால்தான் கேட்காத நிலைக்கு வந்திருக்கிறார். இதை அவரிடம் குற்றமாகச் சொல்லக் கூடாது. வலியில் துடிப்பவர் கைக்கெட்டியதை எடுத்தார், அவ்வளவுதான்.

இதிலிருந்து மீள்வதற்கு டென்மார்க்கில் நடந்த ஒரு பரிசோதனை வழிகாட்டுகிறது. அதன் முடிவுகள் 2020இல் வந்தன. அளவுமீறி வலிக்குளிசை எடுத்த 120 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். குளிசையை நிறுத்தி அதோடு தடுப்பு மருந்தும் தொடங்கியவர்கள், தடுப்பு மருந்தை மட்டும் தொடங்கியவர்கள், முதலில் குளிசையை நிறுத்தி மட்டும் பார்த்தவர்கள். மூன்று பிரிவுமே தேறின, ஆனால் குளிசையால் வந்த தலையிடியிலிருந்து விடுபட்டவர்கள் முதற் பிரிவில் அதிகம். இதற்கு ஆயிரம் டொலர் மருந்து தேவையில்லை. ஒரு கொப்பியும் ஒரு பேனையும், தலையிடி வந்த நாளையும் குளிசை போட்ட நாளையும் குறித்து வரும் பழக்கமும், முதலிரண்டு கிழமைகள் வலி கூடும்போது கைவிடாத வீட்டாரும் வேண்டும்.

தடுப்பு மருந்துகளுக்கு வருவோம். புரொப்ரனோலோல் 1960களில் இதயநோய்க்கென்று வந்தது. நெஞ்சுவலிக்கு அதை எடுத்தவரின் தலையிடி குறைந்ததைக் கண்டுதான் அதன் இந்தப் பயன் தெரியவந்தது. அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கான மருந்து. சிறிய அளவில் இரவில் எடுத்தால் தலையிடியைத் தடுக்கும், தூக்கத்தையும் தரும். இரண்டும் சில ரூபாய்க்குக் கிடைப்பவை. மருந்தை அதன் வர்த்தகப் பெயரிலிருந்தும் விலையிலிருந்தும் பிரித்துப் பார்க்கும் சிந்தனை இந்தத் தீவுக்குப் புதியதில்லை. 1971இல் உருவான அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே அதைத்தான் போராடி நிலைநாட்டினார்.

அப்படியானால் இந்த மலிவான குளிசைகள் ஏன் தோற்கின்றன? தோற்பதற்குமுன் அவை நிறுத்தப்படுகின்றன என்பதே என் முடிவு. தடுப்பு மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய உரிய அளவுக்கு ஏற்றியபின் எட்டுக் கிழமையாவது வேண்டும். கிளினிக்கின் நெரிசலில் இதை ஆறுதலாகச் சொல்ல நேரமிருப்பதில்லை. சிட்டையோடு வீடு வந்தவர் நான்கு நாளில் தலையிடி நிற்கவில்லை என்று விட்டுவிடுகிறார். அயலவர் ஒருவர் புரொப்ரனோலோலைப் பார்த்து ‘இது பிரஷர் குளிசையல்லவா, உனக்கேன்?’ என்கிறார். அமிட்ரிப்டிலினுக்கு இன்னும் மோசம், ‘மனநோய்க் குளிசை’ என்ற பேச்சு ஒரு குமரின் காதில் விழுந்தால் அந்தப் பெட்டி அலுமாரிக்குள் போய்விடும். கொடுக்கப்பட்ட மருந்து வேறு, முயன்று பார்க்கப்பட்ட மருந்து வேறு. ஆஸ்துமா உள்ளவருக்குப் புரொப்ரனோலோல் ஆகாது என்பதும், தொடங்கியபின் அதைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பதும் சொல்லப்பட வேண்டியவை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் மருந்துகள் தட்டுப்பட்ட மாதங்களில் அந்த இரண்டாவது எச்சரிக்கையின் அருமை தெரிந்தது.

இதுவரை நான் வைத்தியர் கல்லூரியோடு வருகிறேன். இனிமேல்தான் பிரிவு. அவர்களின் பரிந்துரை இடைக்கிடை வரும் தலையிடியைப் பற்றியது. மாதத்தில் பாதி நாளைப் படுக்கையில் கழிப்பவருக்குப் பழைய குளிசைகளின் ஆதாரம் மெலிந்தது, புதியவற்றின் ஆதாரம் வலுவானது. ஜேர்மனியில் 777 பேரிடம் புதிய மருந்தான எரினுமாப் ஊசியையும் பழைய மருந்தான டோபிரமேட்டையும் நேருக்குநேர் ஒப்பிட்டார்கள். பக்கவிளைவால் மருந்தை விட்டவர்கள் டோபிரமேட்டில் 38.9 வீதம், எரினுமாப்பில் 10.6 வீதம். தலையிடி நாட்கள் பாதியாகக் குறைந்தவர்கள் முறையே 31.2, 55.4 வீதம். இந்த வித்தியாசத்தை விலையைக் காட்டி மூடிவிட முடியாது. அமெரிக்காவில் 2018இல் எரினுமாப் அறிமுகமானபோது ஆண்டுக்கு 6,900 டொலர் விலை வைத்தார்கள் என்பது உண்மை. நல்ல மருந்து என்பதும் உண்மை. ஆனால் எல்லாப் புதியதும் அப்படியில்லை. நாட்பட்ட தலையிடிக்கு 12 கிழமைக்கு ஒருமுறை தலையிலும் கழுத்திலும் 31 இடங்களில் போடும் பொட்டொக்ஸ் ஊசியின் பெரிய பரிசோதனைகளில், ஊசி பெற்றவர்களுக்கு மாதத்தில் 8.4 நாட்கள் குறைந்தன, வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்களுக்கே 6.6 நாட்கள் குறைந்தன. இடையில் இரண்டு நாள்கூட இல்லை. கடனெடுத்துச் செலவழிக்கும் குடும்பம் இந்த இரண்டு எண்களையும் அறிந்தபின் முடிவெடுக்கட்டும்.

நமது கரையில் இந்தக் கணக்கு பெண்களை இறுக்குகிறது. பழைய தடுப்பு மருந்துகளில் டோபிரமேட்டும் வல்புரோயேட்டும் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு செய்பவை. இளம் வயதில் கல்யாணமாகி அடுத்தடுத்துப் பிள்ளை பெறும் பெண்ணுக்கு அவை ஏறக்குறைய அடைபட்ட கதவுகள். வைத்தியர் கல்லூரி வல்புரோயேட்டை முதல் வரிசையில் வைத்தது. கல்முனையில் அந்த வரிசை செல்லாது. அதேபோல், தலையிடிக்குமுன் கண்ணில் மின்னலோ வளைவுக்கோடுகளோ தோன்றும் பெண்கள், ஈஸ்ட்ரஜன் கலந்த கருத்தடைக் குளிசை எடுத்தால் பக்கவாத ஆபத்துக் கூடும். குடும்பக் கட்டுப்பாட்டுக் கிளினிக்கில் தலையிடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும். புரொப்ரனோலோலும் அமிட்ரிப்டிலினும் முறையாக முயன்றும் தோற்ற ஒரு பெண்ணிடம் ‘சமாளித்துக்கொள்’ என்று சொல்லி அனுப்புவது வைத்தியமில்லை. அவரைக் கல்முனையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கும் மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு எழுதி அனுப்பும் கடிதமாவது அவரின் உரிமை.

ஹிஜாமாவைப் பற்றிப் பேசாமல் இங்கே இந்த நோயைப் பற்றிப் பேச முடியாது. நபியவர்கள் இஹ்ராம் நிலையில் ஒற்றைத் தலையிடிக்காகத் தலையில் இரத்தம் குத்தியெடுத்ததாகப் புகாரியில் அறிவிப்பு உண்டு, ஆகவே பலருக்கு இது சிகிச்சை மட்டுமில்லை, சுன்னத்தும்கூட. அந்த மரியாதையோடுதான் எடைபோட வேண்டும். பலன் கிடைத்ததாகச் சொல்லும் ஆய்வுகள் இருக்கின்றன. அவை சிறியவை, எவருக்கு உண்மையான சிகிச்சை என்பதை மறைத்து நடத்தப்படாதவை. அந்தக் குறையின் எடையை உணர அக்குபஞ்சரைப் பாருங்கள். 2016இல் வந்த கொக்ரேன் மீளாய்வில், உண்மையான அக்குபஞ்சர் பெற்றவர்களில் 50 வீதத்தினருக்கும் போலியாகக் குத்தப்பட்டவர்களில் 41 வீதத்தினருக்கும் தலையிடி பாதியாகக் குறைந்தது. ஒருவர் கைவைத்துக் கவனிப்பதிலேயே பெரும் பங்கு நிவாரணம் இருக்கிறது. ஓதி ஊதிய தண்ணீர் தரும் மன ஆறுதலையும் நான் அந்தக் கணக்கில்தான் வைக்கிறேன், அதில் கேடில்லை. ஹிஜாமாவில் கேடு இருக்க முடியும். கிருமி நீக்காத பிளேடு மஞ்சட்காமாலைக் கிருமியைக் கடத்தும். மாதவிடாயில் ஏற்கெனவே இரத்தம் குறைந்த பெண்ணிடம் மாதாமாதம் இரத்தம் எடுப்பது தவறு. சுத்தமான இடத்தில், ஹீமோகுளோபின் பார்த்து, தடுப்பு மருந்தை நிறுத்தாமல் செய்பவரைத் தடுக்க எனக்குக் காரணமில்லை. அதற்காக ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடுபவரைத் தடுப்பேன். இடி விழுந்தாற்போல் திடீரென வந்த தலையிடி, ஐம்பது வயதுக்குப் பின் புதிதாக வந்தது, காய்ச்சலோடும் கழுத்து விறைப்போடும் வந்தது, கைகால் சோர்வோடு வந்தது என்றால் அன்றைக்கே அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலைக்கோ போக வேண்டும்.

இந்த வைத்தியங்களுக்கெல்லாம் நமது கரையில் ஒரு பரீட்சை மாதம் உண்டு, அது றமழான். இஸ்ரேலின் பியர்செபா நகரில் ஒற்றைத் தலையிடியுள்ள 32 முஸ்லிம்களைக் கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், நோன்பு மாதத்தில் சராசரியாக 9.4 நாட்கள் தலையிடி வந்தது, மற்றொரு மாதத்தில் 3.7 நாட்கள். நோயாளிகள் குறைவுதான், ஆனால் வித்தியாசம் பெரிது, நம் வீடுகளில் காண்பதோடும் ஒத்துப்போகிறது. 13 மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீரில்லை, தறாவீஹும் சஹரும் தூக்கத்தை இரண்டாக வெட்டுகின்றன, காலைத் தேநீர் இல்லாமற்போகிறது, அசருக்குப்பின் குசினி வெக்கையில் நிற்பவளோ பெரும்பாலும் அந்த நோயாளிதான். சஹரில் ஒரு வலிக்குளிசை போட்டு நாளைக் கடத்துவது வழக்கம். நோன்புக்குமுன் எட்டோரிகொக்சிப் என்ற வலிக்குளிசை எடுத்தால் ஆரம்ப நாட்களில் தலையிடி குறைவதாக ஒரு பரிசோதனை காட்டியது. முதல் சில நாட்களுக்கு வைத்தியர் ஆலோசனையோடு அது சரி. முப்பது நாளும் செய்தால் 15 நாள் எல்லையைத் தாண்டிவிடுவோம், தண்ணீர் குறைந்த உடலில் சிறுநீரகத்துக்கும் அது பாரம். பெருநாளில் தலை வெடிக்கும்.

இங்கேதான் பழைய தடுப்பு மருந்துகள் மற்றொரு வகையிலும் முந்துகின்றன. அமிட்ரிப்டிலின் இரவில் ஒருமுறை, மெதுவாகக் கரையும் புரொப்ரனோலோல் நாளுக்கு ஒருமுறை: இரண்டும் நோன்பு திறந்தபின் எடுக்கக்கூடியவை. அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், சஹருக்கு எழும்புவதைக் கடினமாக்கும், ஆகவே சிலருக்குப் புரொப்ரனோலோல் நல்லது. டோபிரமேட் சிறுநீரகக் கல்லுக்கு இடம் கொடுப்பதால் தண்ணீரில்லாத பகலுக்கு ஒத்துவராது. எட்டுக் கிழமை வேண்டும் என்ற கணக்கை நினைவிற் கொண்டால், தலையிடிக்காரர் கிளினிக்குக்குப் போக வேண்டியது றமழான் பிறை கண்டபின் இல்லை, ரஜப் பிறையில். கொப்பியோடு போக வேண்டும். அந்த மாதத்திலேயே தேநீரை ஒவ்வொரு கோப்பையாகக் குறைக்கத் தொடங்க வேண்டும், பனடோல் நாட்களைக் கிழமைக்கு இரண்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஷஃபானின் கடைசியில் கொப்பியைத் திரும்பப் பார்த்தால் மருந்து பிடித்ததா என்று ஓரளவு தெரிந்துவிடும். பிடிக்காமல் தலையிடி வாந்தியோடு வந்துகொண்டிருந்தால், அல்பகறா அத்தியாயத்தின் 184ஆம், 185ஆம் வசனங்கள் நோயாளிக்குத் தந்த சலுகை அவருக்கும் உரியது. அந்த நாளின் நோன்பை விட்டுத் தண்ணீரும் மருந்தும் எடுத்து, பின்னால் களாச் செய்யலாம். இதைத் தலையிடிக்காரர் தனியே முடிவுசெய்யத் தயங்குகிறார், வீட்டிலிருப்பவர்கள் ‘தலையிடிக்கெல்லாமா நோன்பை விடுறது?’ என்று கேட்பார்கள் என்று பயப்படுகிறார். ஷஃபான் மாத ஜும்ஆ ஒன்றில் மிம்பரிலிருந்து இந்த நோயைப் பெயர் சொல்லிப் பேசும்படி கதீப்மாரிடம் நமது ஊர்களின் வைத்தியர்கள் கேட்க வேண்டும்.