மணிமேகலையில் அஞ்சாமை: அன்றாடப் பயிற்சியாகப் பௌத்த அறம்

ஆய்வுச் சுருக்கம்

மணிமேகலையின் துணிவு பிறவிக் குணமாகவோ தெய்வம் அருளிய வரமாகவோ கொள்ளப்படுவதுண்டு. காப்பிய நிகழ்வுகளை வரிசைப்படுத்தி நோக்கின், அத்துணிவு தன்னை அறிதல், பிறர் பசி களைதல், துயரை ஆராய்தல் ஆகிய செயல்களின் வழியே படிப்படியாக வளர்வதை உணரலாம். இவ்வளர்ச்சியையும் அதன் எல்லைகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மணிமேகலை, அஞ்சாமை, அறக்கோட்டம், இராசமாதேவி, தமிழ்ப் பௌத்தம்.

முன்னுரை

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலை 30 காதைகளைக் கொண்டது. உ.வே.சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் இதனைப் பதிப்பித்தார். காப்பியத்தின் காலம், அளவையியல், சமயவாதம் ஆகியன ஆய்வுலகில் விரிவாகப் பேசப்பட்டுள்ளன. எனினும், கணிகையர் குலத்தில் பிறந்த ஓர் இளம்பெண் அரச அதிகாரத்தின் முன் அஞ்சாது நிற்கும் ஆற்றலை எவ்வாறு பெற்றாள் என்னும் வினா தனித்து நோக்கத்தக்கது. பௌத்தம் பொறையையும் வீரியத்தையும் பாரமிதைகளாகப் போற்றுகிறது. பாரமிதை என்பது பயின்று நிறைவிக்க வேண்டிய பண்பு. மணிமேகலையின் அஞ்சாமையையும் அவ்வாறே பயிற்சியின் விளைவாகக் கொள்ள இடமுண்டு.

தன் நெஞ்சை அறிதல்

மலர்வனத்தில் உதயகுமரன் தொடர்ந்து வர, மணிமேகலை பளிக்கறையுள் ஒளிகிறாள். துணிவின் கதை அச்சத்திலிருந்து தொடங்குகிறது. அவன் நீங்கிய பின்னர், தன்னை இகழ்ந்து பேசியவன்பாலும் தன் நெஞ்சம் செல்வதைச் சுதமதியிடம் மறையாமல் உரைக்கிறாள். துறவுநெறி நோக்கிச் செல்லும் தலைவியை விருப்பற்றவளாகச் சாத்தனார் படைக்கவில்லை. தன் பற்றைத் தானே கண்டு சொல்லும் நேர்மையே அவளது முதல் துணிவாகிறது. மணிபல்லவத்துப் பீடிகை காட்டும் முற்பிறப்புச் செய்தி இப்பற்றுக்குக் காரணம் தருகிறது. முற்பிறப்பில் இலக்குமியாகிய அவளுக்கு இராகுலன் கணவன். அவனே உதயகுமரனாகப் பிறந்துள்ளான். காரணம் அறியப்பட்டமையால் பற்று உடனே அற்றுவிடவில்லை என்பதைப் பின்வரும் காதைகள் காட்டுகின்றன.

பாத்திரமும் அன்றாட அறமும்

அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை அதில் முதற்பிச்சை ஏற்பது ஆதிரையிடம். கடலில் கணவன் இறந்தான் எனக் கேட்டுத் தீப்புகுந்தவள் ஆதிரை. தீ சுடாதொழிய, அவன் உயிருடன் இருப்பதை அறிந்து மீண்டு, இல்லத்திலிருந்து அறம் செய்தவள். சாவத் துணிந்தவளின் பெருமை வாழ்ந்து ஈயும் செயலில் நிறைவுறுகிறது. ஆதலின் இப்பிச்சையைக் கற்பின் சிறப்புக்குச் சான்றாக மட்டும் கொள்ளுதல் போதாது. இறத்தலினும் ஈதலை உயர்த்தும் பௌத்த நோக்கும் இங்கு வெளிப்படுகிறது.

யானைத்தீ நோயால் வருந்திய காயசண்டிகையின் பசியைத் தீர்த்த மணிமேகலை, உலக அறவியில் ஆதரவற்றோரை ஊட்டுகிறாள். பின்னர்ச் சிறைக்கோட்டம் புகுந்து அங்குள்ளோர் பசியையும் களைகிறாள். வேண்டுவது யாதென மன்னன் வினவ, சிறையை அறக்கோட்டமாக ஆக்குமாறு கேட்கிறாள். பளிக்கறையுள் ஒளிந்தவள் அரசன் முன் நின்று ஆட்சியின் தண்டமுறையையே மாற்றக் கோரும் நிலையை எய்துகிறாள். இவ்விரு நிலைகளுக்கும் இடையே சாத்தனார் அமைத்திருப்பது போர்ச்செயல் அன்று. பசித்தவரைத் தேடிச் சென்று ஊட்டும் பணியாகும். பிறர் துயரில் கவனம் ஊன்றுந்தோறும் தன்னைப் பற்றிய அச்சம் தேய்கிறது.

அழுகையிலிருந்து அறிவுரை

காயசண்டிகையின் கணவனாகிய காஞ்சனன் உதயகுமரனை வாளால் வெட்டி வீழ்த்துகிறான். அதனைக் கண்ட மணிமேகலை பிறவிதோறும் தொடரும் உறவை எண்ணிப் புலம்பி, உடலை நெருங்க முற்படுகிறாள். கந்திற்பாவை அவளைத் தடுத்து வினையின் தொடர்ச்சியை உணர்த்துகிறது. அடுத்து அவளே சிறைப்படுகிறாள். மகனை இழந்த இராசமாதேவி அவளைச் சிறையினின்று மீட்பவள்போல் தன்னிடம் கொணர்ந்து, மயக்க மருந்து ஊட்டியும், இளைஞன் ஒருவனை ஏவியும், புழுக்கறையில் உணவின்றி அடைத்தும் துன்புறுத்துகிறாள். இவை பயனற்றுப்போக, அரசி நடுங்குகிறாள்.

அப்போது மணிமேகலை, அழுவது மகனின் உடலுக்கா உயிருக்கா என அரசியை வினவுகிறாள். உடலுக்காயின் அதனை எடுத்துப் புறங்காட்டில் இட்டவர் எவர்; உயிருக்காயின் அது சென்று புகுமிடம் அறிதற்கரியது என்கிறாள். இவ்வினா நூற்கல்வியால் மட்டும் பிறந்ததன்று. இரு காதைகளுக்கு முன் அதே உடலின் அருகில் அழுதவள் அவள். தான் கடந்த துயரையே அரசிக்குக் கடக்கக் காட்டுகிறாள். தன்னை வணங்கிய அரசியின் வணக்கத்தை ஏலாது, கணவனைப் பயந்தவள் என்றும் மன்னன் பெருந்தேவி என்றும் கூறி எதிர்வணங்குகிறாள். வஞ்சம் தீர்க்கும் வாய்ப்பு இருந்தும் அதனைக் கைவிடும் இவ்விடமே அவளது அஞ்சாமையின் உச்சம்.

மந்திரம் எழுப்பும் தடை

வேற்றுரு எய்தவும், வான்வழிச் செல்லவும், பசியைப் போக்கவும் வல்ல மந்திரங்கள் உடையவளுக்குத் துணிவு எதற்கு என்னும் தடை எழலாம். மந்திரங்கள் அவள் உடலைக் காக்கின்றன. அரசியின் மனத்தை மாற்றுவது அவளது சொல்லும் பொறையுமே. எனினும் இவ்விடை தடையை முழுமையாக நீக்குவதில்லை. ஏவப்பட்ட இளைஞனிடமிருந்து தப்ப ஆணுரு கொள்கிறாள். வஞ்சி மாநகரில் சமயக்கணக்கர் திறம் கேட்கவும் மாதவன் வடிவு பூணுகிறாள். பெண்ணுடலோடு அச்சமின்றி நடமாடவும் கற்கவும் இயலும் வெளியைக் காப்பியம் எல்லா இடத்தும் கற்பனை செய்யவில்லை. தனிமனித வளர்ச்சி சமூகத் தடையைத் தானே தகர்த்துவிடாது என்பதை இவ்வுருமாற்றங்கள் உணர்த்துகின்றன.

தற்கால வாசிப்பு

இவ்விடைவெளியை நோக்க அயோத்திதாசப் பண்டிதரின் பணி துணைசெய்கிறது. மணிமேகலை அச்சேறிய 1898ஆம் ஆண்டிலேயே அவர் கொழும்பில் பஞ்சசீலம் ஏற்றுச் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். இழிவு சுமத்தப்பட்ட மக்களுக்குப் பௌத்தம் மறுமைப் பேறாக மட்டுமன்றி, தம் வரலாற்றையும் தன்மதிப்பையும் மீட்கும் வாழ்வுமுறையாகவும் அவரால் முன்வைக்கப்பட்டது. கோலார் தங்கவயல் வரை பரவிய சங்கக் கிளைகள் அதனைக் கூட்டுப் பயிற்சியாக்கின. மணிமேகலை தனியே உருமாறிக் கடந்த தடைகளை, உருமாறாமல் ஒன்றுகூடி எதிர்கொள்ளும் முயற்சியாக இதனை மதிப்பிடலாம்.

முடிவுரை

காஞ்சியில் வற்கடத்தால் வாடிய உயிர்களின் பசி களைந்த பின்னரே மணிமேகலை அறவண அடிகளிடம் அளவைகளையும் பன்னிரு நிதானங்களையும் கேட்கிறாள். இறுதிக் காதை அவள் வீடுபேறு எய்தியதைப் பாடாது, பவத்திறம் அறுகென நோற்றதோடு அமைகிறது. முடிவிலும் அவள் பயில்பவளே. நோன்பின் தொடக்கத்தையே காப்பியத்தின் நிறைவாக அமைத்த சாத்தனார், அஞ்சாமையை நாள்தோறும் புதுப்பிக்க வேண்டிய அறமாகக் காட்டுகிறார்.