மிமிக்ரி செய்ய முடியாத ஒருவர்

பாப்பாரப்பட்டியில் ஒரு டீக்கடை. தர்மபுரி பஸ் வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். பெஞ்சில் நாலு பேர் சினிமா பேசிக்கொண்டிருந்தார்கள். நம் ஊரில் நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்தால் வேறென்ன பேசுவார்கள்?

'மறக்கவே முடியாத கேரக்டர் எது?' இதுதான் விவாதம். ஒருத்தர் பாட்ஷா என்றார். இன்னொருத்தர் 'நாயகன்' வேலு நாயக்கர் என்று அழுத்தம் திருத்தமாகச் சொல்லி, தாடையைத் தடவிக் காட்டினார். "அட போங்கண்ணா, எல்லாருக்கும் மேல எம்.ஆர்.ராதாதான்" என்றான் ஒரு காலேஜ் பையன். சொன்னதோடு நிற்கவில்லை. குரலைக் கரகரவென்று மாற்றி, விரல்களை மடக்கி, 'ரத்தக்கண்ணீர்' மோகனாகவே ஆகிவிட்டான். டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுக் கடைக்காரரும் சிரித்தார். நானும்தான். படம் வந்தது 1954-ல். பையனுக்கு இருபது வயசுகூட இருக்காது.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் உட்கார்ந்திருந்தது சுப்பிரமணிய சிவா கடைசி மூச்சை விட்ட ஊர். 1925 ஜூலை 23. அப்போது அவருக்கு நாற்பத்தோரு வயசுகூட முழுசாக ஆகவில்லை. மோகனுக்கு வந்த அதே தொழுநோய்தான் அவருக்கும்.

தமிழ் சினிமாவில் இந்த நோயை மறக்க முடியாதபடி காட்டிய படங்கள் இரண்டு என்பேன். ஒன்று, ரத்தக்கண்ணீர். அதில் நோய் என்பது தண்டனை. வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்த பணக்காரன், கட்டின மனைவியை விட்டுவிட்டு காந்தா வீடே கதி என்று கிடந்தான், அனுபவிக்கிறான். இன்னொன்று, ஏழு வருடம் கழித்து 1961-ல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்'. அதில் இந்த நோய், தேசத்துக்காக ஜெயிலுக்குப் போனவருக்குக் கிடைத்த சம்பளம். சிவாவாக நடித்தவர் டி.கே.சண்முகம். நாடக மேடையில் ஔவையாராகவே வாழ்ந்து 'ஔவை' பட்டம் வாங்கியவர்.

1908 வழக்கில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை, சிவாவுக்குப் பத்து வருடம். அப்பீலில் இரண்டுமே ஆறு வருடமாகக் குறைந்தது. 1912-ல் வ.உ.சி. வெளியே வருகிறார். வரவேற்கக் கூட்டம் இல்லை. காத்திருப்பவர் சிவா. அடையாளமே தெரியாதபடி உருமாறிப்போன சிவா. அந்தக் காட்சியில் சிவாஜியும் சண்முகமும் எதிரெதிரே நிற்பதைப் பாருங்கள். இரண்டு பேருமே பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள். கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி வசனம் பேசுவது ரத்தத்தில் ஊறியது. ஆனால் இங்கே ரெண்டு பேரும் ஜெயிக்கப் பார்க்கவில்லை. சண்முகம் பரிதாபத்தைப் பிச்சை கேட்பதில்லை. உடம்பு போய்விட்டது, ஆள் போகவில்லை என்பதை அந்தக் குரலே சொல்லிவிடுகிறது. அந்தக் காட்சியில் சிவாஜியைவிட ஒரு மாற்றுக் கூடுதலாகவே சண்முகத்துக்குப் போடுவேன். சிவாஜி ரசிகர்கள் மன்னிக்க. நானும் அவர் ரசிகன்தான்.

பிறகு ஏன் யாருக்கும் ஞாபகம் இல்லை?

பி.காம். படித்த புத்தி முதலில் கணக்கைத்தான் பார்க்கும். 1961-ல் சிவாஜிக்கு 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' என்று வரிசையாக ஹிட். அதே வருடம் நவம்பரில் வந்த கப்பலோட்டிய தமிழன் ஓடவில்லை. இதே பி.ஆர்.பந்துலு, இதே சிவாஜி கூட்டணியில் 1959-ல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' சக்கைப்போடு போட்டது. ஆனால் இது பாதிக் காரணம்தான். ரத்தக்கண்ணீரின் மோகனை தியேட்டரில் பார்த்தவர்களா இன்றைக்குப் பேசிக் காட்டுகிறார்கள்?

எனக்குத் தோன்றுவது இதுதான். நாம் ஒரு கேரக்டரை ஞாபகம் வைத்துக்கொள்வது வாயால். பேசிக் காட்ட முடிந்தால் அது பெரிய நடிப்பு. கட்டபொம்மன் ஜாக்சன் துரையிடம் பேசியதை ஸ்கூல் ஆண்டுவிழாவில் மூணாங்கிளாஸ் பையன்கூட முழங்குவான். செக்கிழுக்கிற வ.உ.சி.யை எப்படி முழங்குவது? அதே சிவாஜிக்கே இந்தக் கதி என்றால் சண்முகம் எம்மாத்திரம்?

ராதாவைக் குறை சொல்லவில்லை. சாமி, சாதி, பணக்காரத் திமிர் என்று எல்லாவற்றையும் கிழித்துத் தொங்கவிட்ட நடிப்பு அது. நோயாளியைப் பார்த்துச் சிரிக்க வைத்தவர், நோயாளியை விட்டே ஊரைப் பார்த்துச் சிரிக்கவும் வைத்தார். சிக்கல் கதையில் இருக்கிறது. தப்புப் பண்ணினால் வரும் வியாதி இது என்று ஜனங்கள் ஏற்கெனவே நம்பியதை, அது தங்கமுலாம் பூசித் திருப்பிக் கொடுத்தது. இந்த நோய்க்கு மருந்து 1940-களிலேயே வந்தாச்சு என்பதை அந்தக் குரல் மறக்கடித்துவிட்டது.

கப்பலோட்டிய தமிழன் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அது வ.உ.சி.யின் கதை, சரி. ஆனாலும் ஜெமினி-சாவித்திரி காதலுக்கு இடம் கிடைத்த படத்தில், சிவாவின் கடைசிப் பதிமூன்று வருடங்களுக்கு இடமில்லை. தொழுநோயாளி ரயிலில் ஏறக்கூடாது என்று தடுத்தார்கள். மனுஷன் கட்டை வண்டியிலும் கால்நடையாகவும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் வைத்தார். பாரத மாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்து, 1923-ல் சித்தரஞ்சன் தாஸைக் கூட்டிவந்து அடிக்கல் நாட்ட வைத்தார். அடிக்கல் நாட்டியதோடு சரி, இரண்டு வருடத்தில் போய்விட்டார். இதைவிட ஒரு செகண்ட் ஹாஃப் எந்தக் கதாசிரியருக்குக் கிடைக்கும்? யாரும் எடுக்கவில்லை.

இதையெல்லாம் டீக்கடையில் பேசினால் அடிக்க வருவார்கள். அதனால், "தம்பி, ஒரு சீன் பாக்கறியா?" என்று மட்டும் கேட்டேன். பையன் செல்போனில் தேடி எடுத்தான். நாலு தலையும் ஒரு சின்னத் திரைக்குள் கவிழ்ந்தன. யாரும் சிரிக்கவில்லை.

"சிவாஜிகூட நிக்கறாரே, யாருங்க சார் இவரு?"

"ஔவை சண்முகம்."

"கமல் படமாச்சே அது?"

"அது ஔவை சண்முகி. கமல் சின்னப் பையனா இருந்தப்ப இவர்கிட்டதான் நாடகம் கத்துக்கிட்டார். அந்த மரியாதைக்குத்தான் அந்தப் பேரே."

பையன் அந்தக் காட்சியை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டான். விரலை மடக்காமல், குரலை மாற்றாமல் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குள் பஸ் வந்துவிட்டது.