ஒட்டுப் போட்ட கட்டை

மட்டாஞ்சேரி யூதத்தெருவில் நடந்தால் வார்னிஷ் பூசிப் பளபளக்கும் பழைய அலமாரிகளும் பெட்டிகளும் கண்ணை இழுக்கும். அழகுதான். ஆனால் பழைய மரத்தைப் பழுதுபார்க்கும் கலையின் உச்சம் எது என்றால், நான் .303 துப்பாக்கியின் கட்டையைத்தான் காட்டுவேன்.

லீ-என்ஃபீல்டு என்னும் இந்த .303 வகையில் 1907-இல் வந்த மார்க் 3, வங்காளத்து இஷாப்பூர் ஆலையிலும் பல்லாண்டுகள் தயாரானது. உத்தரப்பிரதேசக் காவலர்கள் 2020 வரை அதைத் தோளில் சுமந்தார்கள். இரும்பு அவ்வளவு காலம் தாங்கும், மரம் தாங்காது. ஒவ்வொரு முறை சுடும்போதும் உதை முன்கட்டையின் உட்புறத் தோள்களில் இறங்குகிறது. எண்ணெய் ஊறி இளகிய மரம் அங்கேதான் நசுங்கும். பிறகு இரும்பு கட்டைக்குள் அசையும், குறி தப்பும்.

படைப் பட்டறைக்காரர்கள் இதற்காகக் கட்டையைத் தூக்கி எறிந்துவிடவில்லை. நைந்த இடத்தை மட்டும் உளியால் எடுத்து, நாரின் ஓட்டம் பொருந்தும் கடினமரத் துண்டை அதில் இறக்கினார்கள். இஷாப்பூரில் பிளவைத் தடுக்க முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியும் ஏறியது. ஆஸ்திரேலியாவின் லித்கோ ஆலை உதை இறங்கும் தோள்களில் செப்புத் தகடு வைத்தது. என் மனம் மரத்துண்டின் பக்கம்தான். முடி நுழையாத அந்த இணைப்பில் ஒரு கையின் பொறுமை முழுதும் தெரிகிறது.

இந்த வேலைக்குத் தேக்கு ஆகாது. ஆலுவாவுக்கு அருகே பெரும்பாவூர் மரக்கடைகளில் கை முதலில் தேக்கைத்தான் தொடும். ஆனால் அதன் இயல்பான எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. வால்நட் கட்டைக்கு வால்நட்தான் வேண்டும். பழைய கட்டையில் ஊறிய எண்ணெயையும் அசிட்டோனால் துடைத்தெடுத்த பிறகே ஒட்ட வேண்டும். கர்க்கடக மாத மழையில் உப்பிய மரத்தில் அளவெடுத்தால் வேனிலில் இடைவெளி காட்டும்.

கட்டையில் அடிபட்டு விழுந்த பள்ளங்களுக்கு உளியே தேவையில்லை. அங்கே நார் அறுபடவில்லை, அமுங்கித்தான் கிடக்கிறது. ஈரத்துணி விரித்து, சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்தால் நீராவியில் மெல்ல எழும்பும்.

உப்புத்தாள்தான் எதிரி. அது ஆலை முத்திரைகளைத் தின்றுவிடும். மரத்தைப் பித்தளைப் பூணின் மட்டத்துக்குக் கீழே இறக்கிவிடும். அதற்குப் பிறகு எந்தத் தச்சராலும் மீட்க முடியாது.

காவல் அருங்காட்சியகங்களில் இத்துப்பாக்கிகளைக் காத்துவருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வார்னிஷ் பூசாதீர்கள். ஒட்டுத் தெரிந்தால் தெரியட்டும். துணியில் சில துளி ஆளிவிதை எண்ணெய் போதும்.